பத்துப் பேருக்கு ஆப்பிள் கிரம்பிள்: எந்த ஆப்பிள், எவ்வளவு மசாலா?

லீட்ஸ்வாசி: கிறிஸ்துமஸ் வாரம் பத்துப் பேர் வருகிறார்கள். ஆப்பிள் துண்டுகள் மேல் உதிரி மாவு தூவி ஓவனில் சுடும் கிரம்பிள் செய்யலாம் என்றிருக்கிறேன். பிராம்லி என்ற புளிப்புச் சமையல் ஆப்பிள் வெந்தால் கரைந்துவிடுமாமே, காக்ஸ் வகை ஆப்பிள் வாங்கவா? முதல் நாளே செய்து வைக்கலாமா?

அடுப்படி அக்கா: பிராம்லி குழையத்தான் செய்யும் தம்பி, அந்தப் புளிப்புக் குழைவுதானே கிரம்பிளுக்கு அழகு! துண்டு தெரியணும் என்றால் காக்ஸ் பாதி கலந்துகொள்ளுங்கள். ஆப்பிள் ஒன்றரைக் கிலோ, மைதா 300 கிராம், குளிர்ந்த வெண்ணெய் 150, சர்க்கரை 150. வெண்ணெயை மாவில் விரல்நுனியால் உதிர்க்க வேண்டும், பிசையவே கூடாது. ஓவனில் 180 டிகிரி செல்சியஸ், முக்கால் மணி நேரம். பட்டைத்தூள் ஒரு தேக்கரண்டி, சுக்குத்தூள் அரைத் தேக்கரண்டி. கிராம்பு சிட்டிகைதான்; கூடினால் பல்வலித் தைலம் மாதிரி மணக்கும்.

குளிர்காலன்: உதிர்த்த மாவை முதல் நாளே ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். உருக விடாமல் அப்படியே தூவலாம்.

லீட்ஸ்வாசி: சரி அக்கா. மேலே ஐஸ்கிரீமா, கஸ்டர்டா?

அடுப்படி அக்கா: இந்தக் குளிருக்கு ஐஸ்கிரீமா? சூடான கஸ்டர்ட்தான்.