மைக்கேல் ஸ்காட் எந்தக் காட்சியில் மனசுக்குள்ள வந்தார்?

பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடர் "தி ஆபீஸ்"ஸோட அமெரிக்கப் பதிப்புல, ஒரு காகிதக் கம்பெனிக் கிளையோட மேனேஜர்தான் மைக்கேல் ஸ்காட். அந்தப் பதிப்பைப் பாதியில் விட்டவங்ககிட்ட கேட்டா, பெரும்பாலும் முதல் சீசனோட நிறுத்தியிருப்பாங்க. 2005 மார்ச்சில் என்பிசியில் வந்த அந்த முதல் சீசன் மொத்தமே 6 எபிசோட். அதுல வர்ற மைக்கேலுக்குத் தலைமுடி படிய வாரியிருக்கும், பேச்சுல ஒரு விஷம் இருக்கும். முதல் எபிசோட் கிட்டத்தட்ட பிரிட்டிஷ் மூலத்தோட பிரதி. அங்க மேனேஜரா வர்ற டேவிட் பிரென்டுக்காக வெட்டின சட்டையை, மைக்கேலா நடிக்கிற ஸ்டீவ் கரேலுக்கு மாட்டிவிட்ட மாதிரி இருக்கும்.

எனக்கு அவர் பிடிபட்டது ரெண்டாவது சீசனோட முதல் எபிசோட், "தி டண்டீஸ்". ஊழியர்களுக்கு அவரே விருது கொடுக்கிற விழா, சில்லீஸ் ரெஸ்டாரன்ட்ல நடக்குது. ஜோக் எதுவும் எடுபடலை, ஊழியர்கள் எப்போ முடியும்னு உட்கார்ந்திருக்காங்க. அப்போ பக்கத்து மேஜை ஆளுங்க அவரைக் கிண்டல் பண்ணி எதையோ தூக்கி எறியறாங்க. மைக்கேல் முகம் சுருங்கிப்போய் நிகழ்ச்சியை முடிச்சுக்கப் பார்க்கிறார். அந்த இடத்துல ரிசப்ஷனிஸ்ட் பாம்தான் முதல்ல கைதட்டி உற்சாகப்படுத்துறா, மத்தவங்களும் சேர்ந்துக்கிறாங்க. "எங்க ஆளை நாங்க திட்டலாம், நீ யாரு?"ங்கிற அந்த ஒரு நிமிஷம்தான் முழுத் தொடரையும் தூக்கி நிறுத்துச்சு. பார்க்கிறவங்களுக்கும் அவர் நம்ம ஆளா ஆகிடறார். உங்களுக்கு எது?

*

எனக்கு அதே சீசனோட ஏழாவது எபிசோட், "தி கிளையன்ட்". மேனேஜரா தடுமாறுற இந்த மனுஷன் எப்படி அந்த நாற்காலிக்கு வந்தார்ங்கிறதுக்கு விடை அதுலதான் இருக்கு.

லாக்கவானா கவுன்ட்டி அரசு ஒப்பந்தம் பேச வேண்டிய சந்திப்பு. மேலதிகாரி ஜான் ஹோட்டல்ல இடம் போட்டிருக்காங்க. மைக்கேல் அதை மாத்தி சில்லீஸுக்குக் கொண்டுபோறார். சாப்பாடு, ஜோக், பாட்டுன்னு மணிக்கணக்கா ஓடுது. விலைப் பேச்சே கிடையாது. ஜான் பேச்சை வேலைக்கு இழுக்கும்போதெல்லாம் அவர் வேற பக்கம் திருப்பிடறார். முதல் தடவை பார்க்கும்போது கெடுத்துட்டார்னுதான் தோணும். ஆனா, செலவைக் குறைக்கணும்ங்கிற தன் கவலையை வாடிக்கையாளரே வாய்விட்டுச் சொல்ற வரைக்கும் அவர் காத்திருந்திருக்கார். அந்த நொடியில சரியா நுழைஞ்சு, பெரிய சங்கிலிக் கடைக்கும் உள்ளூர்ல கூப்பிட்டா வந்து நிக்கிற கம்பெனிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பேசி முடிச்சிடறார். ரெண்டாவது தடவை பார்க்கிறவங்க ஜானோட முகத்தை மட்டும் கவனிங்க. எரிச்சல் எந்த இடத்துல வியப்பா மாறுதுன்னு தெளிவா தெரியும்.

லாரன்ஸ் பீட்டர் 1969ல எழுதின பீட்டர் விதி இதைத்தான் சொல்லுது: ஒரு வேலையில திறமை காட்டினா மேல ஏத்துவாங்க, திறமை இல்லாத இடம் வந்ததும் அங்கேயே நின்னுடுவாங்க. மைக்கேல் அருமையான விற்பனையாளர். தப்பு நாற்காலியில உட்கார்ந்திருக்கார்.

அஞ்சாவது சீசன்ல வேலையை விட்டுட்டுத் தனியா காகிதக் கம்பெனி தொடங்குறாரே, அதுலயும் இதே கணக்குதான். வாடிக்கையாளர்களை அள்ளிட்டு வந்துடறார். ஆனா செலவு மாறவே மாறாதுன்னு வெச்சு விலை போட்டிருக்காங்க. வாடிக்கையாளர் கூடக் கூட டெலிவரிச் செலவும் கூடும்ல? அதனால வளர வளர நஷ்டம். கணக்குப் பார்க்கிறவர் இதை எடுத்துச் சொன்னதும், திரும்ப ஒரு தடவை கணக்குப் போடச் சொல்றாங்க, விடை மாறிடும்னு நினைச்சு! அடுத்து, அவர் விட்டுட்டு வந்த டன்டர் மிஃப்ளின் இந்தக் கம்பெனியை வாங்க வரும்போது பாருங்க. கையில காசில்லை, ஆனா எதிராளிக்கு எங்கே வலிக்கும்னு அவருக்குத் தெரியும். பங்குதாரர் கூட்டம் நெருங்குது, டன்டர் மிஃப்ளினோட நிதி அதிகாரி டேவிட் வாலஸுக்குத்தான் அவசரம். 60,000 டாலரை வேண்டாம்னு தள்ளிட்டு, தனக்கும், தன் கம்பெனியில கூட இருந்த பாமுக்கும் ரையனுக்கும் வேலையைத் திரும்ப வாங்கிடறார்.

*

முதல் சீசனைத் தாண்டிப் போகலாம்னு சொன்னா ஒத்துக்க மாட்டேன். அதோட ரெண்டாவது எபிசோட் "டைவர்சிட்டி டே" இல்லாம மைக்கேல் முழுமையாக மாட்டார். ஆபீஸ்ல இன வேறுபாட்டை மதிக்கிறது பத்தின பயிற்சி. அது எல்லாருக்கும்னு வெச்சிருந்தாலும், நடத்த வந்தவருக்கு உண்மையில வேண்டியது மைக்கேலோட கையெழுத்து மட்டும்தான். அது தெரிஞ்சதும் அவமானத்தை ஏத்துக்காம, தானே ஒரு பயிற்சி நடத்தக் கிளம்பிடறார். நெத்தியில இன அட்டை ஒட்டிக்கிட்டுப் பேசச் சொல்ற கூத்து அங்கதான். ஒரு சின்ன அவமானத்தை மறைக்கப் போய் பத்து மடங்கு பெருசா மாட்டிக்கிறது, இதுதான் அவரோட எல்லாச் சறுக்கலுக்கும் அச்சு.

பிரிட்டிஷ் தொடரோட ஒப்பிடும்போது எண்ணிக்கையையும் பாருங்க. 2001ல தொடங்கினது, ரெண்டு கிறிஸ்துமஸ் சிறப்புப் பகுதியையும் சேர்த்து மொத்தமே 14. அதனால டேவிட் பிரென்டை எவ்வளவு சகிக்க முடியாதவரா வேணும்னாலும் எழுதலாம். ரெண்டாவது தொடரின் கடைசியில வேலை போய், அனுப்பிடாதீங்கன்னு கெஞ்சுற வரைக்கும் கொண்டுபோகலாம். அமெரிக்கப் பதிப்பு 9 சீசன், 201 எபிசோட். மைக்கேல் அதுல ஏழாவது சீசனோட கடைசிப் பகுதி வரைக்கும் வரணும். வாரா வாரம் வீட்டுக்குள்ள வர்ற ஆளை வெறுக்க மட்டுமே வெச்சா யாரும் கதவைத் திறக்க மாட்டாங்க. இதுல பிரிட்டிஷ் பதிப்பு உசத்தி, அமெரிக்கப் பதிப்பு மட்டம்னு பேசறதுல அர்த்தமில்லை. நீளம் வேற, அதனால ஆளும் வேற.

*

கேமராவைப் பத்தி யாரும் சொல்லலையே! ஆபீஸைப் பத்தி யாரோ ஆவணப்படம் எடுக்கிற மாதிரி அமைஞ்ச தொடர் இது. பின்னணிச் சிரிப்பொலி கிடையாது. எங்க சிரிக்கணும்னு சொல்றது கேமராதான். மைக்கேல் தனியா உட்கார்ந்து பேட்டி கொடுக்கும்போது, அவர் வாக்கியம் முடிஞ்ச பிறகும் ஒண்ணு ரெண்டு நொடி வெட்டாம விட்டுவைப்பாங்க. அந்த வெறும் நொடியில அவர் கண்ணுல ஓடுறதைப் பாருங்க. தான் சொன்னதைத் தானே நம்பலைன்னு தெரியும். கதவைச் சாத்திக்கிட்டா, ஜன்னல் பட்டைகளோட இடுக்கு வழியா எடுப்பாங்க. அப்போதான் அவர் நடிக்கிறதை நிறுத்துறார்.

இதுக்கு நான் கைகாட்டுறது நாலாவது சீசனோட "டின்னர் பார்ட்டி". பசியோட வந்த விருந்தாளிங்களுக்கு, இறைச்சி வேக இன்னும் மூணு மணி நேரம் ஆகும்னு, இப்போ மைக்கேலோட காதலியா அதே வீட்டுல இருக்கிற ஜான் சொல்றாங்க. அந்த நேரத்துல வீட்டைச் சுத்திக் காட்டுறார் மைக்கேல். சுவத்துல ஒரு சின்ன பிளாஸ்மா டிவி, 200 டாலர். அதை வேணும்னா சுவத்தோட ஒட்டித் தள்ளிக்கலாம்னு சொல்லி விரலால தள்ளிக் காட்டுறார். அது நகர்றது துளிதான். அவர் முகத்துல அவ்வளவு பெருமை! அந்த வீட்டுல அவருக்குன்னு இருக்கிறதே அவ்வளவுதான், தூங்குறதுகூட கட்டில் கால்மாட்டுல கிடக்கிற பெஞ்சுல. கடைசியில ஜான் தூக்கி எறிஞ்சு அந்த டிவியை உடைக்கிறது எதாலன்னு கவனிச்சீங்களா? ஒரு டண்டீ விருதால.

*

"ஸ்காட்ஸ் டாட்ஸ்" பத்தி ஒரு எச்சரிக்கை. புதுசா பார்க்கிறவங்களுக்கு இதைக் காட்டாதீங்க. ஆறாவது சீசன். மூணாம் வகுப்புப் பிள்ளைங்ககிட்ட, பள்ளியை முடிச்சா கல்லூரிக் கட்டணம் நான் கட்டுறேன்னு 10 வருஷத்துக்கு முன்னாடி வாக்குக் கொடுத்திருக்கார். கையில பணமில்லை. பிள்ளைங்க ஆடிப் பாடி நன்றி சொல்றாங்க. ஒவ்வொரு பாராட்டும் உண்மையைச் சொல்றதை இன்னும் கஷ்டமாக்குது. கடைசியில லேப்டாப் பேட்டரியை நீட்டுறார். மத்த எபிசோட்ல மாட்டுறவங்க சம்பளம் வாங்குற பெரியவங்க, எழுந்து போயிடலாம். இங்க மாட்டினது பிள்ளைங்க. அதனாலதான் பழைய ரசிகர்களே இதைத் தாண்டிப் போறாங்க. ஆனா திரும்பி வரும் வழியில, கூட வந்த ஊழியர் எரின் சொல்றதையும் கேளுங்க: அந்தப் பிள்ளைங்கள்ல 90 சதவீதம் பேர் பள்ளியை முடிக்கப் போறாங்க, மத்தவங்களைவிட ரொம்ப அதிகம். செஞ்ச தப்பு அதால சின்னதாகலை. ஆனா அவரை வெறும் பொய்யர்னு தள்ளிடவும் முடியலை.

புதுசா தொடங்குறவங்களுக்கு என் வரிசை: "தி டண்டீஸ்", "ஆபீஸ் ஒலிம்பிக்ஸ்", "தி கிளையன்ட்", அப்புறம் ரெண்டாவது சீசன் மீதி. பிடிச்சுப்போனதும் முதல் சீசனுக்குத் திரும்பிப் போங்க. "ஆபீஸ் ஒலிம்பிக்ஸ்"ல தயிர் டப்பா மூடியில செஞ்ச தங்கப் பதக்கத்தை வாங்கும்போது மைக்கேலுக்குக் கண் கலங்குமே, அங்க நிறுத்தி ஒரு தடவை பாருங்க.

*

என் காட்சி மூணாவது சீசன், "பிசினஸ் ஸ்கூல்". பாமோட ஓவியக் கண்காட்சிக்கு வந்த ஆபீஸ்காரர் ஆஸ்கரும் அவரோட துணைவரும், அந்தப் படங்களை ஓட்டல் சுவத்துல மாட்டுற ரகம்னு பேசிட்டுப் போயிட்டாங்க. அவ எல்லாத்தையும் கழட்டிக்கிட்டு இருக்கும்போது மைக்கேல் லேட்டா வர்றார். அன்னிக்கு அவரே, ஆபீஸ்ல வேலை பார்த்துக்கிட்டே பிசினஸ் படிக்கிற ரையனோட வகுப்புல பேசப் போய் அவமானப்பட்டு வந்திருக்கார். ஆபீஸ் கட்டடத்தை வரைஞ்ச சின்ன வாட்டர்கலர் படத்துக்கு முன்னாடி நின்னு, விலை என்னன்னு கேட்கிறார். வாங்கிட்டு வந்து ஆபீஸ் சுவத்துல மாட்டிடறார்.

2013 மே 16ல வந்த கடைசி எபிசோட்ல, பாம் கிளம்பும்போது சுவத்திலிருந்து கழட்டி எடுத்துட்டுப் போறது அந்தப் படத்தைத்தான்.