தாத்தா வீடு குரூப்: ரேவதி வர்றா, எங்கெல்லாம் போகலாம்?

ரேவதி: எல்லாருக்கும் வணக்கம். காலாண்டு லீவுக்கு மெட்ராஸ் வர்றோம். வியாழன் விடியக்காலைல இறங்குறோம், ஞாயிறு ராத்திரி வண்டி. பெரியப்பா வீட்லதான் டேரா. பசங்க ரெண்டு பேரும் எங்க மாமியாரும் கூட வர்றாங்க. இந்தத் தடவை மால் வேணாம். சிலை, ஓவியம், கைவேலைன்னு உருப்படியா ஏதாவது பாக்கணும்.

பெரியப்பா: வாம்மா. மாடி ரூம் காலியாத்தான் இருக்கு.

பெரியப்பா: வியாழன்: கோட்டை, வள்ளுவர் கோட்டம், விவேகானந்தர் இல்லம். வெள்ளி: எழும்பூர் மியூசியம், கன்னிமாரா லைப்ரரி. சனி: கலாக்ஷேத்ரா, சோழமண்டலம், தட்சிணசித்ரா, மாமல்லபுரம். ஞாயிறு: பெரம்பூர் ரயில் மியூசியம்.

கார்த்தி: அப்பா, அவங்க லீவுக்கு வர்றாங்க. ஆடிட்டுக்கு இல்ல 😄

நிலா: மாமா, வெள்ளிக்கிழமை எழும்பூர் மியூசியம் லீவு. கோட்டை மியூசியமும் வெள்ளிதான் லீவு.

பெரியப்பா: அப்ப ரெண்டையும் மாத்திக்கோ. இதுல என்ன இருக்கு.

நிலா: மாத்தலாம். ஆனா வெயிலையும் பாத்து மாத்தணும் மாமா. 12 மணிலேர்ந்து 3 மணி வரைக்கும் கூரைக்கு அடியில இருக்கணும். கடல்காத்து ஏறினப்புறம்தான் வெளில. அந்தக் கணக்குல ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம்தான் தாங்கும்.

மீனா அத்தை: நிலா சொல்றது சரி. ரேவதி, உங்க மாமியாருக்கு முட்டிவலி இருக்கே, படி ஏறுவாங்களா?

ரேவதி: கைப்பிடி இருந்தா மெதுவா ஏறுவாங்க அத்தை. ரொம்ப நேரம் நிக்க முடியாது.

நிலா: அப்ப வியாழன் மியூசியம் வெச்சுக்கோங்க அக்கா. ரயில்ல வந்த அலுப்பு தீரத் தூங்கிட்டு, பத்தரை மணிக்குக் கிளம்பினா போதும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. ஒரே கட்டடம்னு நெனச்சுட்டுப் போறவங்கதான் பாதில களைச்சுப் போயிடுவாங்க. அது பல கட்டடம் சேர்ந்த வளாகம், ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்கு வெயில்ல நடக்கணும். வாசல்லேர்ந்து வரிசையாப் பாத்துட்டே போனா, வெண்கலச் சிலைக்கு வரும்போது யாருக்கும் கால் இருக்காது. அதனால முதல்ல வெண்கலக் கூடம். மத்ததெல்லாம் அப்புறம்.

பெரியப்பா: 1851ல ஆரம்பிச்சது. கல்கத்தாவுக்கு அடுத்து நாட்டுலேயே பழைய மியூசியம் இதுதான். எங்க அப்பா காலத்துல இதைச் செத்த காலேஜ்னுதான் சொல்லுவாங்க. மிருகக்காட்சிசாலை உயிர் காலேஜ்.

கார்த்தி: அப்பா, பையனை இப்பவே பயமுறுத்தாதீங்க.

ரேவதி: அவன் செத்த காலேஜ்னு கேட்டதுமே ரெடி ஆயிட்டான் 😂 அங்க என்ன இருக்குன்னு கேக்கறான்.

நிலா: திமிங்கல எலும்புக்கூடு இருக்குன்னு சொல்லுங்க. பெரியவனுக்கு வேற ஒண்ணு. ராபர்ட் புரூஸ் ஃபுட்னு ஒரு வெள்ளைக்காரர், நிலவியல் துறைக்காரர், 1863ல நம்ம பல்லாவரத்துல ஒரு கல்லை எடுத்துப் பாத்து, இது மனுஷன் செதுக்கின ஆயுதம்னு கண்டுபிடிச்சார். இந்தியாவுல பழைய கற்கால ஆராய்ச்சியே அதுலேர்ந்துதான் தொடங்குது. அவர் சேர்த்து வெச்சதையெல்லாம் 1904ல மியூசியம் விலைக்கு வாங்கிடுச்சு.

ரேவதி: பல்லாவரமா! சந்தைக்குத்தான் போயிருக்கோம்.

மீனா அத்தை: வெண்கலம் பத்திச் சொல்லுடி. நீ ஓவியக் காலேஜ்ல படிக்கறதுக்கு இதுக்காவது உபயோகம் ஆகட்டும்.

நிலா: அம்மா 🙄

நிலா: அக்கா, உள்ள போனா திருவாலங்காட்டு நடராஜர் இருப்பார். பிரெஞ்சு சிற்பி ரோதான் நேர்ல பாக்காம வெறும் போட்டோவைப் பாத்தே மயங்கிக் கட்டுரை எழுதினாரே, அதே நடராஜர். திருவெண்காட்டு அர்த்தநாரியும் அங்கதான். ஒரு பக்கம் தோள் விரிஞ்சு இருக்கும், இன்னொரு பக்கம் இடுப்பு வளைஞ்சு இருக்கும். ஆனா நடுவுல எங்க மாறுதுன்னு கோடு போட்டுக் காட்டவே முடியாது. நான் வரைஞ்சு பாத்திருக்கேன், வரல.

நிலா: இன்னொண்ணு, சிலையோட பின்பக்கத்தையும் எட்டிப் பாருங்க. கோயில்ல உற்சவரைப் பட்டும் மாலையுமாத்தான் பாக்கறோம், முகம் மட்டும்தான் தெரியும். முதுகுல சடையும் ஆபரணமும் எப்படி இறங்குதுன்னு மியூசியத்துல மட்டும்தான் தெரியும். யாரும் பாக்காத பக்கத்தையும் அவ்வளவு அழகா முடிச்சிருப்பாங்க.

பெரியப்பா: பீடத்துல ஓட்டை இருக்கும், வளையம் இருக்கும், கவனிங்க. கம்பு சொருகித் தூக்கறதுக்கு. வீதியுலா போன சாமியாச்சே.

ரேவதி: மாமியார் செருப்பைக் கழட்டிட்டுத்தான் உள்ள வருவாங்கன்னு தோணுது.

மீனா அத்தை: வரட்டுமே. தப்பே இல்ல.

ரேவதி: நிலா, அச்சுல வார்க்கறதுன்னா ஒரே மாதிரி நிறைய செய்யலாமா? பெரியவன் கேக்கறான்.

நிலா: முடியாது அக்கா. முதல்ல மெழுகுல உருவம் செஞ்சு, மேல மண் பூசி, சுட்டா மெழுகு உருகி ஓடிடும். அந்த இடத்துல உலோகத்தை ஊத்தறாங்க. ஆறினதும் மண்ணை உடைச்சாத்தான் சிலை வெளில வரும். அச்சு போச்சு. அதனால ஒவ்வொண்ணும் ஒண்ணேதான். சோழர் காலத்துலயும் அப்படித்தான், இன்னிக்கு சுவாமிமலைலயும் அப்படித்தான்.

பெரியப்பா: ஆந்திராவுல அமராவதி பௌத்த ஸ்தூபிலேர்ந்து வந்த சிற்பக் கல்லையும் பாக்கச் சொல்லு. வால்டர் எலியட் 1845ல தோண்டி மெட்ராஸுக்குக் கொண்டு வந்தது. அதுல நிறைய லண்டன் போயிடுச்சு.

நிலா: தெம்பு இருந்தா பாருங்க. இல்லாட்டி விட்டுடுங்க.

கார்த்தி: வெள்ளிக்கு ஈசிஆர். கார் நான் எடுத்துட்டு வர்றேன். தட்சிணசித்ரா செவ்வாய்தான் லீவு, வெள்ளி திறந்திருக்கும்.

ரேவதி: அது வெறும் பழைய வீடுங்கதானே? எங்க ஊர்லயே இருக்கே.

நிலா: இங்க பொம்மை வீடு கட்டி வைக்கல அக்கா. செட்டிநாடு, கேரளா, ஆந்திரா, கர்நாடகான்னு நிஜமா ஜனங்க வாழ்ந்த வீடுங்க. இடிக்கப் போற நேரத்துல விலைக்கு வாங்கி, தூணு, கதவு, ஓடு எல்லாத்தையும் பிரிச்சு எடுத்துட்டு வந்து முட்டுக்காட்டுல திரும்பக் கோத்திருக்காங்க. மொத்தம் 18 வீடு. 1996ல திறந்தாங்க. திருவாங்கூர் மர வீட்டுக்குள்ளயும் செட்டிநாட்டு முற்றத்துலயும் மாறி மாறி உக்காந்து பாருங்க. மழைக்குக் கட்டின வீடு எது, வெயிலுக்குக் கட்டின வீடு எதுன்னு உடம்புக்கே தெரியும்.

மீனா அத்தை: சின்னவளுக்குப் பானை செய்யற சக்கரம் இருக்கு. டிரஸ் சேறாகும், மாத்துத்துணி எடுத்துக்கோ.

கார்த்தி: அக்கா, பாட்டிக்குத் திண்ணை திண்ணையா இருக்கு, அங்கங்க உக்காந்துக்கலாம். தரை மட்டும் மண்ணும் கல்லுமா இருக்கும்.

நிலா: திரும்பி வரும்போது ஈஞ்சம்பாக்கத்துல சோழமண்டலம். 1966ல கே.சி.எஸ். பணிக்கர் ஆரம்பிச்ச ஓவியர் கிராமம். அவர் எங்க காலேஜ் பிரின்சிபாலா இருந்தவர். ஓவியம் வித்துப் பொழைக்க முடியாதுன்னு தெரிஞ்சு, மெழுகு வெச்சுச் சாயம் போடற பாத்திக் துணி மாதிரி கைவேலை செஞ்சு வித்து, அந்தக் காசுல நிலம் வாங்கி வீடு கட்டினாங்க. வயித்துப்பாட்டுக்குக் கைவேலை, படம் மனசுக்குப் பிடிச்ச மாதிரி. எனக்கு அங்க தொங்கற படங்களைவிட இந்த ஏற்பாடுதான் பிடிக்கும்.

மீனா அத்தை: நீயும் பாத்திக் கத்துக்கோ. ஃபீஸ் கட்டறது நான்.

நிலா: அங்க ரொம்ப நேரம் ஆகாது அக்கா. தோட்டத்துல சிற்பம், உள்ள மெட்ராஸ் ஓவியர்களோட கூடம். அவ்வளவுதான்.

மீனா அத்தை: எல்லாம் சரி, கலாக்ஷேத்ரா எங்கடி? எங்க வீட்டுக்குப் பக்கத்துலயே இருக்கு. ருக்மிணி தேவி 1936ல ஆரம்பிச்ச நாட்டியப் பள்ளி. நெசவுக்கூடத்துல சேலை பாத்தா ரேவதி விடமாட்டா.

நிலா: அம்மா, அங்க வகுப்பு நடக்கற நாள்ல, முன்கூட்டியே கேட்டுட்டுத்தான் போகணும். வெள்ளி காலைல அதையும் சேர்த்தா தட்சிணசித்ராவுக்கு உச்சிவெயில்ல போய் நிப்போம். டிசம்பர்ல கலைவிழா சமயம் வரட்டும். அங்க இருக்கற கூத்தம்பலம் அரங்கத்துல உக்காந்து நாட்டியம் பாத்தாத்தான் அந்த இடம் புரியும்.

ரேவதி: டிசம்பர்ல அரைப்பரீட்சை லீவு உண்டு. வந்துடுவோம் அத்தை. சேலைக்குக் காசு சேர்த்து வெக்கிறேன்.

பெரியப்பா: சனிக்கிழமை?

கார்த்தி: காலைல ஆறு மணிக்கு மெரினா, உழைப்பாளர் சிலை. அப்புறம் வீட்ல தூக்கம்.

நிலா: 1959ல வெச்சது. செஞ்சவர் ராய் சௌத்ரி, அவரும் எங்க காலேஜ் பிரின்சிபால்தான். காலேஜ் காவலாளி ஒருத்தரை மாடலா நிக்க வெச்சார்னு சொல்லுவாங்க. நாலு பேர் பாறையைத் தள்றாங்க, நகருதா இல்லையான்னு பசங்களைக் கேளுங்க.

பெரியப்பா: சாயங்காலம் சபாவுல ஏதாவது இருக்கும். பேப்பர்ல பாத்து நான் சொல்றேன். பெரம்பூர்?

கார்த்தி: ஞாயிறு காலைல யார் எழுந்திருக்காங்களோ அவங்களைக் கூட்டிட்டுப் போங்க அப்பா.

பெரியப்பா: சின்னவ வருவா. நான் இப்பவே சொல்லி வெக்கிறேன்.

ரேவதி: சரி பெரியப்பா. வியாழன் மத்தியானச் சாப்பாடு மட்டும் கட்டிக் குடுத்துடச் சொல்லுங்க பெரியம்மாகிட்ட. புளியோதரை போதும்.