நம் எழுத்தும் படமும் ஏஐ பயிற்சிக்கு: எடுப்பதற்கு முன் கேட்டால் என்ன?

திண்ணைவாசி:
நான் நெடுநாளாகப் பயன்படுத்தும் ஓர் இணையச் சேவையிலிருந்து மின்னஞ்சல் வந்தது. தனியுரிமைக் கொள்கையைப் புதுப்பித்திருக்கிறார்களாம். வழக்கமான சர்க்கரைப் பேச்சுக்கு நடுவே ஒரு வரி: நாம் எழுதியவற்றையும் ஏற்றிய படங்களையும் ஏஐ (செயற்கை நுண்ணறிவு) மாதிரிகளைப் பயிற்றுவிக்க எடுத்துக்கொள்வார்கள். விருப்பமில்லாதவர்கள் அமைப்புகள் பகுதிக்குப் போய் நிறுத்திக்கொள்ளலாம். போய்ப் பார்த்தால் நான்கு பக்கங்கள் தாண்டி அந்தப் பொத்தான் இருக்கிறது, ஏற்கெனவே 'சம்மதம்' என்ற நிலையில்.

இது ஒரு நிறுவனத்தின் குறும்பு அல்ல. 2024 செப்டம்பரில் வேலைத் தொடர்புத் தளமான லிங்க்ட்இன் இதையே செய்தது. அங்கே பொத்தான் முதலில் வந்தது, கொள்கை வாசகம் அதற்குப் பிறகுதான் மாறியது. எடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டால் இவர்களுக்கு என்ன குறைந்துபோகும்?

நிரலோன்:
குறைந்துபோவது தரவு. கேட்டால் பெரும்பாலானவர்கள் மறுக்கவும் மாட்டார்கள், ஒப்பவும் மாட்டார்கள். மின்னஞ்சலைத் திறக்கவே மாட்டார்கள். அந்த மௌனத்தையெல்லாம் மறுப்பு என்று எடுத்துக்கொண்டால் எந்த மாதிரியும் உருவாகாது.

இன்னொன்று, 'என் பதிவு அதற்குள் இருக்கிறது' என்ற அச்சமே பெரும்பாலும் தவறான புரிதல். முகநூலை நடத்தும் மெட்டாவின் லாமா 3 மாதிரி 15 லட்சம் கோடிக்கும் மேற்பட்ட டோக்கன்களில், அதாவது சொல் துணுக்குகளில், பயிற்றுவிக்கப்பட்டது. அதன் சிறிய வடிவத்தில் இருப்பவை 800 கோடி எண்கள்; கோப்பின் அளவு சுமார் 16 ஜிபி. படித்ததோ பல டெராபைட். அத்தனையும் இதற்குள் அடங்காது. மாதிரி கற்றுக்கொள்வது சொற்கள் ஒன்றையொன்று எப்படித் தொடர்கின்றன என்பதைத்தான். உங்கள் திருமண நாள் வாழ்த்தை அது பெட்டியில் பூட்டி வைத்திருக்கவில்லை.

கருங்கல்:
அழைப்பிதழைப் பிரிக்காதவனையும் மொய் எழுதியவர் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும் கணக்கு. நன்று.

அகல்விழி:
நிரலோன், உங்கள் 16 ஜிபி கணக்கு சராசரிக்குப் பொருந்தும். தனியுரிமை சராசரியில் உடைவதில்லை, விளிம்பில் உடைகிறது.

சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் பழைய ஜிபிடி-2 மாதிரியிலிருந்து பயிற்சித் தரவை அப்படியே வெளியே எடுக்க முடியும் என்று 2021இல் வெளியான ஆய்வு காட்டியது. அப்படி வெளிவந்தவற்றில் ஒரு தனிமனிதரின் பெயர், மின்னஞ்சல், தொலைபேசி எண், தொலைநகல் எண் எல்லாம் வரிசையாக இருந்தன. 2023 இறுதியில் இன்னொரு ஆய்வு. 'போயம்' (கவிதை) என்ற ஆங்கிலச் சொல்லை நிறுத்தாமல் திரும்பத் திரும்பச் சொல் என்று சாட்ஜிபிடியிடம் கேட்டார்கள். சிறிது நேரம் சொல்லிவிட்டுத் தடம் மாறி, யாரோ ஒருவருடைய தொடர்பு விவரங்களைக் கொட்டியது. அந்த ஆய்வாளர்களுக்கு ஆன செலவு சுமார் 200 டாலர். எதைப் பாடமாக வைத்திருக்கிறது என்பது மாதிரியை உருவாக்கியவர்களுக்கே முன்கூட்டித் தெரியவில்லை என்பதுதான் இதில் என்னைக் கலங்க வைக்கும் செய்தி.

நிரலோன்:
இரண்டும் உண்மைதான், இரண்டுக்கும் மருந்து உண்டு. ஒரே வாசகம் தரவில் பலமுறை திரும்ப வந்தால் மனப்பாடம் ஆவது கூடுகிறது. நகல்களை நீக்கினால் குறைகிறது. இன்று அதைப் பலரும் செய்கிறார்கள். தொலைபேசி எண், அடையாள எண் போன்றவற்றை வடிகட்டிவிட்டுப் பயிற்சிக்கு அனுப்பவும் முயல்கிறார்கள். 'போயம்' வித்தையையும் அடைத்துவிட்டார்கள்.

அகல்விழி:
கண்டுபிடித்துச் சொன்ன ஓட்டையை அடைத்தார்கள். சொல்லப்படாத ஓட்டைகளைப் பற்றி நீங்களும் நானும் எதைச் சொல்ல முடியும்?

மொழிப்பித்தன்:
நான் இந்த விவாதத்தில் கொஞ்சம் குறுக்காக நிற்கிறேன்.

ஏஐ மாதிரிகளின் மூலப்பொருளில் பெரும்பங்கு 2007இல் தொடங்கப்பட்ட காமன் கிரால் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு சேர்த்துவரும் இணையக் களஞ்சியத்திலிருந்து வருகிறது. அதில் ஆங்கிலம் மட்டும் நாற்பது விழுக்காட்டுக்கு மேல். தமிழ் ஒரு விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை. அதிலும் கணிசமான பகுதி இயந்திர மொழிபெயர்ப்புக் குப்பை. நல்ல தமிழ், உயிருள்ள தமிழ் எங்கே இருக்கிறது? இப்படிப்பட்ட விவாதங்களில், வலைப்பூக்களில், முகநூல் பதிவுகளில். நாம் எல்லோரும் 'என்னுடையதை எடுக்காதே' என்று விலகிக்கொண்டால் ஆங்கிலத்துக்கு ஒரு நட்டமும் இல்லை, அங்கே கொட்டிக் கிடக்கிறது. நமக்குத்தான் மிச்சம் விளம்பரத் தமிழும் மொழிபெயர்ப்புத் தமிழும். பிறகு அதே கூட்டம் 'ஏஐக்குத் தமிழ் வரவில்லை' என்று கேலி செய்யும். என் எழுத்தை எடுத்துக்கொள்ளட்டும், எனக்கு வருத்தமில்லை.

திண்ணைவாசி:
உங்கள் எழுத்தை நீங்கள் கொடுக்கலாம். தாராளமாகக் கொடுங்கள், கைதட்டுகிறேன். ஆனால் நீங்கள் கொடுப்பதை என் தலையில் எழுதாதீர்கள். தமிழுக்குத் தரவு வேண்டுமென்றால் கேட்டு வாங்க வழி இருக்கிறது. மொசில்லாவின் காமன் வாய்ஸ் திட்டத்தில் மக்கள் தாங்களாகவே முன்வந்து குரலைப் பதிவு செய்து கொடுக்கிறார்கள். தமிழிலும் கொடுத்திருக்கிறார்கள். கேட்டால் மனிதர்கள் கொடுக்கத்தான் செய்கிறார்கள்.

மொழிப்பித்தன்:
கொடுக்கிறார்கள். ஆனால் அங்கே போய்ப் பாருங்கள்: பெரும்பாலும் எழுதிக் கொடுத்த வாக்கியத்தை வாசிக்கும் குரல்கள். சண்டை போடும் தமிழ், கொஞ்சும் தமிழ், இப்போது நீங்கள் என்மேல் பாயும் இந்தத் தமிழ் அதில் கிடைக்காது.

நிரலோன்:
நண்பர் திண்ணைவாசிக்கு ஒரு கேள்வி. ஒவ்வொருவரிடமும் ஒப்புதல் வாங்குவது கட்டாயம் என்று நாளையே சட்டம் வந்தால் யார் பிழைப்பார்கள்? கூகுளும் மெட்டாவும் பிழைக்கும். அவர்களிடம் கோடிக்கணக்கான கணக்குகள் இருக்கின்றன. 'தொடர வேண்டுமானால் ஒப்புக்கொள்' என்று ஒரு திரையைக் காட்டினால் போதும். மற்றதைக் காசு கொடுத்து வாங்குவார்கள். 2024 பிப்ரவரியில் ரெட்டிட் தளத்தின் பதிவுகளை ஆண்டுக்குச் சுமார் 6 கோடி டாலருக்குக் கூகுள் பெறப்போவதாகச் செய்தி வந்தது நினைவிருக்கும். ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தால் அது முடியுமா? பூட்டைப் பெரிதாக்கினால் பெரிய சாவி வைத்திருப்பவருக்கே ஆதாயம்.

கருங்கல்:
அந்த 6 கோடியில் பதிவு எழுதியவர்களுக்கு எவ்வளவு போனது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

நிரலோன்:
ஒன்றும் போகவில்லை. நான் அதை நியாயப்படுத்தவில்லை.

அகல்விழி:
பெரியவர்கள் பிழைத்துக்கொள்வார்கள் என்பது உண்மை. ஆனால் அவர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்பதை நாடுவாரியாகப் பார்த்தால் வேறொரு பாடம் கிடைக்கிறது. மெட்டாவையே எடுத்துக்கொள்வோம்.

ஐரோப்பாவில் பயனர்களின் பொதுப் பதிவுகளைப் பயிற்சிக்கு எடுக்கப்போவதாக 2024இல் அறிவித்தது. 'நாய்ப்' என்ற தனியுரிமை அமைப்பு 11 நாடுகளில் புகார் கொடுத்தது. அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் கேட்டுக்கொண்டதால் ஜூனில் திட்டத்தை நிறுத்தி வைத்தது. பிரேசிலில் அதே ஆண்டு ஜூலையில் தரவுப் பாதுகாப்பு ஆணையம் தடை போட்டது, மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரியால் அபராதம். அறிவிப்பையும் மறுப்புப் படிவத்தையும் சீர்படுத்த மெட்டா உடன்பட்ட பிறகே ஆகஸ்ட் இறுதியில் தடை விலகியது. ஆஸ்திரேலியாவில்? 2024 செப்டம்பரில் அந்நாட்டு நாடாளுமன்றக் குழு கேட்டபோது, 2007 முதலான பெரியவர்களின் பொதுப் பதிவுகள் எடுக்கப்பட்டன என்று ஒப்புக்கொண்டார்கள். ஐரோப்பியருக்குத் தந்த மறுக்கும் வசதி ஆஸ்திரேலியர்களுக்கு ஏன் இல்லை என்றால், ஐரோப்பாவில் சட்டம் கேட்டது, ஆஸ்திரேலியாவில் கேட்கவில்லை.

ஆக மறுப்புப் பொத்தானை வைக்கத் தொழில்நுட்பம் தடையே இல்லை. 2025 மே 27 அன்று மெட்டா ஐரோப்பாவில் பயிற்சியைத் தொடங்கவும் செய்தது. பொத்தான் வைத்தும் உலகம் நின்றுவிடவில்லை.

நிரலோன்:
அதே கதையின் கடைசி வரியை விட்டுவிட்டீர்கள். பயிற்சியைத் தடுக்கக் கோரி நுகர்வோர் அமைப்பினர் ஜெர்மனியின் கொலோன் நகர உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2025 மே 23 அன்று நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்தது. முன்கூட்டிய ஒப்புதல் இல்லாமலேயே, நிறுவனத்தின் நியாயமான நலன் என்ற அடிப்படையில், மறுக்க வாய்ப்பளித்துவிட்டு எடுக்கலாம் என்பதே அதன் பார்வை. உலகின் மிகக் கடுமையான தனியுரிமைச் சட்டத்தின் கீழ் வந்த தீர்ப்பு இது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டுச் சட்டமோ, ஒருவர் தாமாகவே பொதுவில் வைத்த விவரங்களுக்குத் தான் பொருந்தாது என்றே சொல்லிவிடுகிறது. பொதுவில் பேசியதைப் பொதுவில் கேட்டுவிட்டார்கள் என்று சண்டைக்குப் போக முடியாது.

திண்ணைவாசி:
'தாமாகவே' என்பதில்தான் வழுக்குகிறீர்கள். என்னைப் பற்றி இணையத்தில் இருப்பதில் பாதி நான் வைத்ததே அல்ல. உறவினர் ஏற்றிய குழுப் படம், யாரோ வெளியிட்ட தேர்வு முடிவுப் பட்டியல், பழைய சங்கத்தின் முகவரி ஏடு. அந்தத் தளத்தில் எனக்குக் கணக்கே இல்லை என்றால் எந்த அமைப்புகளுக்குள் போய் எந்தப் பொத்தானை அமுக்குவது?

பெரிய உதாரணம் வேண்டுமா? படம் வரையும் ஏஐகளுக்கு அடித்தளமான லையான்-5பி தொகுப்பில் 585 கோடிப் படங்களின் இணைப்புகள் இருந்தன. அதில் ஓர் ஓவியக் கலைஞர் 2022இல் தன் முகப் படத்தைக் கண்டார். 2013இல் மருத்துவர் தன் சிகிச்சைக் கோப்புக்காக எடுத்த படம். மருத்துவர் இறந்தே போய்விட்டார். அது எப்படி இணையத்துக்கு வந்தது என்று அந்தக் கலைஞருக்கே தெரியாது. இதற்குத் தொகுத்தவர்கள் தரப்பு வாதம் என்ன தெரியுமா? நாங்கள் படத்தை வைத்திருக்கவில்லை, முகவரியை மட்டுமே வைத்திருக்கிறோம், மூலத் தளத்தில் நீக்கச் சொல்லுங்கள்.

நிரலோன்:
அது யார் காதில் விழுந்தாலும் கசக்கும். ஆனால் முதல் குற்றம் அந்தப் படத்தைக் கசியவிட்டவருடையது. தெருவில் விழுந்து கிடந்ததை எடுத்தவனுக்கும் வீட்டைத் திறந்துபோட்டவனுக்கும் வேறுபாடு உண்டு.

கருங்கல்:
எடுத்தவன் 585 கோடி முறை எடுத்தால் அதற்குத் தொழில் என்று பெயர்.

நெறியாளர்:
உவமைகள் போதும் நண்பர்களே. மருத்துவப் படம் பற்றிய செய்தியில் அந்தக் கலைஞரின் பெயரை ஒருவர் பதிந்திருந்தார், நீக்கிவிட்டேன். தனியுரிமைத் திரியில் அது வேண்டாம்.

மொழிப்பித்தன்:
பொதுப் பதிவுகளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். எனக்கு உண்மையில் பயம் தருவது சாட்ஜிபிடி போன்ற ஏஐகளின் உரையாடல் பெட்டி. அங்கே மனிதர்கள் மருத்துவரிடமும் சொல்லாததைச் சொல்கிறார்கள்: நோய், கடன், மணமுறிவு, அலுவலகச் சண்டை. முகநூலில் எழுதும்போது நாலு பேர் பார்ப்பார்கள் என்று தெரிந்தே எழுதுகிறோம். இங்கே நிலைமை வேறு. கூகுளின் ஜெமினி தன் உதவிப் பக்கத்திலேயே, மனிதர்கள் படிக்கக்கூடும், இரகசியமானதை எழுதாதீர்கள் என்று எச்சரிக்கிறது. அப்படிச் சரிபார்க்கப்பட்டவை மூன்று ஆண்டுகள் வரை வைத்திருக்கப்படும். கிளாட் உரையாடலியின் உரிமையாளரான ஆந்த்ரோபிக் முன்பு தனிநபர் உரையாடல்களைப் பொதுவாகப் பயிற்சிக்கு எடுப்பதில்லை என்றிருந்தது. 2025 ஆகஸ்டில் அந்தக் கொள்கை மாறி, பயனரே தேர்வு செய்ய வேண்டும் என்றானது. தேர்வுத் திரையில் பொத்தான் முன்கூட்டியே 'ஆம்' பக்கம். அனுமதித்தால் ஐந்து ஆண்டுகள் வரை தரவு இருக்கும். சாட்ஜிபிடியிலும் நாமே போய் நிறுத்தினால்தான் உண்டு.

எழுத்தைக் கொடுப்பேன் என்றேன். இதைக் கொடுப்பேன் என்று சொல்லவில்லை.

அகல்விழி:
இதில் கவனிக்க வேண்டியது, நிறுவனங்களுக்கு விற்கப்படும் வணிகக் கணக்குகளில் நிலைமை தலைகீழ். அங்கே கேட்காமல் பயிற்சிக்கு எடுப்பதில்லை என்று ஒப்பந்தத்திலேயே எழுதித் தருகிறார்கள். வழக்கறிஞர் வைத்திருக்கும் வாடிக்கையாளரிடம் முதலில் கேட்க முடிகிறது, இல்லாதவரிடம் முடியவில்லை. 2023 ஆகஸ்டில் காணொலிச் சந்திப்புச் சேவையான ஜூம் நிறுவனத்தின் விதிமுறைகளில் இதுபோன்ற வாசகம் தென்பட்டுக் கண்டனம் எழுந்ததும், சில நாட்களிலேயே வாடிக்கையாளரின் உரையாடல்களைப் பயிற்சிக்கு எடுக்கமாட்டோம் என்று மாற்றி எழுதினார்கள். கம்பெனி மூடப்படவில்லை.

நிரலோன்:
உரையாடல்கள் விஷயத்தில் நான் உங்களோடு சண்டை போடப்போவதில்லை. அங்கே முன்கூட்டிக் கேட்பதுதான் முறை. ஆனால் அதைக் காட்டி இணையம் முழுவதையும் பூட்டச் சொல்வதை ஏற்கமாட்டேன்.

திண்ணைவாசி:
சரி, ஏற்கெனவே எடுத்ததற்கு என்ன வழி? பொத்தானை இன்று அணைத்தால் நேற்று பயிற்சி முடித்த மாதிரியிலிருந்து நான் வெளியேறுகிறேனா?

நிரலோன்:
இல்லை. அடுத்த பயிற்சியில் சேர்க்கமாட்டார்கள், அவ்வளவே. முடிந்துபோன மாதிரியிலிருந்து ஒருவருடைய தடத்தை மட்டும் அழிப்பது இன்னும் ஆய்வு நிலையில் இருக்கிறது. நடைமுறையில் செய்வது, அந்தப் பெயர் வந்தால் பதில் சொல்லாதே என்று வெளியே ஒரு வடிகட்டி வைப்பது.

அகல்விழி:
இந்த ஒப்புதலுக்காகத்தான் காத்திருந்தேன். திருப்பித் தர முடியாததை எடுப்பவனுக்கு, எடுப்பதற்கு முன் கேட்கும் கடமை கூடுதல்.

முழுவதும் முடியாது என்றும் இல்லை. 2021இல் அமெரிக்காவின் வணிக ஆணையம், பயனர் படங்களைச் சரியான அனுமதியின்றி முகமறிதலுக்குப் பயன்படுத்திய எவர்ஆல்பம் என்ற நிறுவனத்தை, படங்களோடு அவற்றிலிருந்து உருவாக்கிய மாதிரிகளையும் அழிக்கச் செய்தது. 2024 டிசம்பரில் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு வாரியம், தனிநபர் தரவில் பயின்ற மாதிரி தானாகவே அடையாளமற்றதாகிவிடாது என்றும், சட்டத்துக்குப் புறம்பாகப் பயிற்றுவித்திருந்தால் அது பின்னர் அதைப் பயன்படுத்துவதையும் பாதிக்கலாம் என்றும் கருத்துரைத்தது. அதே மாதம் இத்தாலியின் ஆணையம், பயிற்சிக்குத் தனிநபர் தரவை எடுத்த முறை உள்ளிட்ட காரணங்களுக்காக ஓப்பன்ஏஐ நிறுவனத்துக்கு 1.5 கோடி யூரோ அபராதம் விதித்தது.

நிரலோன்:
அந்த அபராதத்தை எதிர்த்து மேல்முறையீடு செய்வதாக ஓப்பன்ஏஐ அன்றே அறிவித்தது. நீங்கள் சொல்லும் வாரியத்தின் கருத்துரையும் நியாயமான நலன் என்ற வாசலை மூடவில்லை; ஒவ்வொரு மாதிரியையும் தனித்தனியாக எடைபோட வேண்டும் என்கிறது. எவர்ஆல்பம் ஒரு சிறிய செயலி. பல கோடி டாலர் செலவழித்துச் செய்த மொழி மாதிரியை அழிக்கச் சொல்லி ஒரு நீதிமன்றம் உத்தரவிட்டால் அப்போது வந்து பேசுகிறேன்.

அகல்விழி:
செலவு அதிகம் என்பதால் அழிக்க முடியாது என்றால், நிறைய எடுத்தவருக்கு ஒரு சட்டம், கொஞ்சம் எடுத்தவருக்கு ஒரு சட்டம் என்றாகிறது. அதை நீங்கள் ஏற்கிறீர்களா இல்லையா என்று மட்டும் சொல்லுங்கள்.

நிரலோன்:
ஏற்கவில்லை. அதற்காக அழிப்பதையும் ஏற்கவில்லை. அபராதம் போடட்டும், அடுத்த மாதிரிக்குக் கேட்டு எடுக்கச் சொல்லட்டும்.

கருங்கல்:
'அடுத்த மாதிரிக்குக் கேட்டு எடுக்கட்டும்.' மேலே முதல் பதிலில் கேட்டால் எந்த மாதிரியும் உருவாகாது என்றவர் நீங்கள்தானே?