பழைய வீட்டுத் தூண், என்ன மரம்? பிள்ளையார் செதுக்கத் தாங்குமா?

சிரியம்_உளி (கேள்வி):
அண்ணன்மாருக்கு வணக்கம். பர்மாவில் தன்லின் (பழைய பெயர் சிரியம்) பக்கம் பிரித்த ஒரு பழைய வீட்டிலிருந்து தூண் துண்டு ஒன்று கிடைத்திருக்கிறது. நாலரை அங்குலச் சதுரம், ஒன்றரை அடி நீளம். மேல்புறம் கன்னங்கரேல் என்று இருக்கிறது. ரம்பம் போட்டால் உள்ளே செங்கல் நிறமும் கொஞ்சம் ஆரஞ்சும். ஒரு பக்கம் மேலிருந்து கீழ் வரை வெடிப்பு, இரண்டு ஆணி ஓட்டை. 9 அங்குலப் பிள்ளையார் ஒன்று செதுக்கி சென்னைக்கு அனுப்ப வேண்டும். இது என்ன மரம்? உளிக்கு இடம் கொடுக்குமா?

மோல்மேன்_தச்சு:
படத்தைப் பார்த்தால் தேக்கு மாதிரி இருக்கிறது தம்பி. பழைய வீட்டுத் தூண் பெரும்பாலும் தேக்குதானே.

தட்டோன்_ஆசாரி:
நிறத்தை வைத்துச் சொல்லாதீர்கள் அண்ணே. இந்த ஊர் மரவீடுகளுக்கு, யெனாஞ்சாங் எண்ணெய்க் கிணறுகளின் கச்சா எண்ணெய் பூசுவது பழைய வழக்கம். மேலே தெரிகிற கறுப்பு அந்த எண்ணெயுடையது. மோந்து பார்த்தாலும் எண்ணெய் வாடைதான் வரும். தேக்கு தங்கப் பழுப்பாக, தோல் வாடையோடு, தொட்டால் மெழுகு தடவின மாதிரி இருக்கும். உள்ளே செங்கல் நிறம் என்றால் முதலில் படாக், பியின்கடோ, தமலன் என்ற மூன்று பர்மா மரங்களையும் நினைக்க வேண்டும்.

தம்பி, மூன்று சோதனை செய்து பாருங்கள். முனையிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி, வெடிப்பில்லாத வைரத்தில் (மரத்தின் முற்றின உள்பகுதியில்) 2×2×3 அங்குலத் துண்டு ஒன்றை நேர்மூலையாக அறுங்கள். அதன் கன அளவு 197 கன செ.மீ. கிராமில் எடை போட்டு 197-ஆல் வகுங்கள். கடைத் தராசு வீசைக் கணக்கில் இருந்தால் நம் பர்மா வீசை 1.63 கிலோ, தமிழ்நாட்டுப் பழைய வீசை வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள். காய்ந்த மரத்தில் தேக்கு ஏறத்தாழ 0.65, படாக் 0.85 பக்கம் வரும். தமலனும் பியின்கடோவும் 0.95-ஐ ஒட்டி அல்லது அதற்கு மேல், சில துண்டுகள் தண்ணீரில் மூழ்கியே போகும். ஈரம் இருந்தால் கணக்கு பொய்யாகிவிடும், அதனால் வாரம் ஒரு தடவை எடை போட்டு, எடை குறைவது நின்ற பிறகு வருகிற எண்ணை மட்டும் நம்புங்கள்.

இரண்டாவது, குறுக்கு முகம், அதாவது நாருக்குக் குறுக்கே அறுத்த முகம். ரம்பம் பட்ட முகத்தில் ஒன்றும் தெரியாது, துளைகளெல்லாம் தூளில் அடைத்திருக்கும். நன்றாகத் தீட்டின உளியால் மெல்லிசாகச் சீவி, ஒரு துளி தண்ணீர் தொட்டு, பத்து மடங்கு பெருக்கும் பூதக்கண்ணாடியில் பாருங்கள். ஆண்டு வளையம் தொடங்கும் இடத்தில் பெரிய துளைகள் வரிசை கட்டி நின்றால் தேக்கு. துளைகளை ஒன்றோடொன்று சேர்த்து வெளிர் நிறத்தில் அலை அலையான மெல்லிய கோடுகள் ஓடினால் படாக் அல்லது தமலன். வளையத்தோடு சேர்ந்து வெள்ளைப் புள்ளிகள் கோடாக நின்றால் அது பிசின் குழாய். தித்யா, இன்ஜின் என்கிற பர்மா மரங்களைப் போன்ற குங்கிலிய இன மரமாக இருக்கும், நீங்கள் தேடுகிற மரம் இல்லை.

மூன்றாவது எனக்குப் பிடித்த சோதனை. வைரத்துச் சீவல் ஒரு சிட்டிகையைக் கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவிடுங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்து, தெளிந்த நீரில் இரண்டு சொட்டு விடுங்கள். பின்னால் கறுப்புத் துணி வைத்து வெயிலில் பக்கவாட்டாகப் பார்த்தால், படாக்காக இருந்தால் தண்ணீர் விளிம்பில் நீலமும் பச்சையுமாக மினுங்கும். எலுமிச்சைச் சாறு விட்டால் அந்த மினுக்கம் போய்விடும். படாக் நம் வேங்கையின் இனம்; பிலிப்பைன்ஸில் இதே இனத்து மரத்தில் செய்த கோப்பைகளில் தண்ணீர் நீலமாவதை ஐரோப்பியர்கள் அந்தக் காலத்திலேயே அதிசயமாக எழுதி வைத்தார்கள். ஆனால் மினுக்கம் ஒன்றை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள், எடையும் குறுக்கு முகமும் ஒத்துவர வேண்டும்.

சிரியம்_உளி:
செய்து பார்த்தேன் அண்ணே. மூன்று வாரமும் எடை மாறவில்லை, 170 கிராம். அலைக்கோடு தெளிவாகத் தெரிகிறது. தண்ணீர் நீலமாக மினுங்குகிறது, வீட்டில் எல்லாரும் வந்து பார்த்தார்கள்! தூள் ஆரஞ்சுச் சிவப்பு.

தட்டோன்_ஆசாரி:
170-ஐ 197-ஆல் வகுத்தால் 0.86. படாக்தான், சந்தேகம் வேண்டாம். தமலனாக இருந்தால் வெளிநாட்டுக்கு அனுப்புவதில் சிக்கல் வரலாம், தமலன் சேர்ந்த ஈட்டி (டால்பெர்ஜியா) இனம் முழுவதும் 2017 ஜனவரி 2 முதல் சைட்டிஸ் (அரிய உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம்) பட்டியலில் இருக்கிறது. படாக் அந்த இனமில்லை. ஆனாலும் அனுப்புவதற்கு முன் கூரியர் ஆபீஸில் மரப்பொருளுக்கு என்ன காகிதம் வேண்டும் என்று கேட்டுவிடுங்கள்.

பகோ_நகவுளி:
இனி செதுக்குவதைப் பேசுவோம். முதலில் காந்தத்தைத் தடவி ஒடிந்த ஆணி உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். ஆணி ஓட்டையைச் சுற்றிக் கறுப்பு வட்டம் ஆழமாக இறங்கியிருக்கும், இழைத்தாலும் போகாது. அந்தப் பகுதியை அடிப்பீடத்துக்கு ஒதுக்குங்கள்.

உங்கள் தூணில் நெஞ்சு (மரம் வளரத் தொடங்கிய மையம்) நடுவில் ஓடுகிறது போலிருக்கிறது. வெடிப்பு ஒரு பக்கம் வந்துவிட்டது நல்லதுதான். இழுவிசையெல்லாம் அங்கே விட்டுப்போயிற்று, மற்ற பக்கம் வெடிப்பது குறையும். வெடித்த பக்கத்தைப் பிள்ளையாருக்கு முதுகாக்குங்கள். அதை பசை போட்டு அடைக்காதீர்கள். மழைக்காலத்தில் மரம் உப்பும்போது பசை இடம் கொடுக்காமல் வேறு பக்கம் பிளக்கும்.

படாக்கில் நார் பின்னி ஓடும், கஷ்டமெல்லாம் அங்கேதான். தொந்தியை உருட்டும்போது கவனியுங்கள். அரை அங்குலப் பட்டையில் உளி வெண்ணெயில் போகிற மாதிரி போகும், பக்கத்துப் பட்டையில் அதே திசையில் தள்ளினால் செதிலாகப் பிய்த்துக்கொண்டு வரும். நார் திசை மாறுகிற அந்த எல்லையில் உளியைத் திருப்பி மறுபக்கமிருந்து வாருங்கள், இல்லையென்றால் நாருக்குக் குறுக்கே நகவுளியால் (நகம் போல வளைந்த முனையுள்ள உளி) எடுங்கள். உளி முகம் 25 டிகிரியாக இருந்தால் முனை நொறுங்கும், 30-க்குத் தீட்டுங்கள். கொட்டாப்புளியால் (மரச் சுத்தியல்) சின்னச் சின்ன அடி, ஒரு அடிக்கு மெல்லிய சீவல் போதும்.

நார் செங்குத்தாக நிற்க வேண்டும். தும்பிக்கை தொந்தியில் ஒட்டியே இறங்கட்டும். தனியாக நீட்டிக்கொண்டு நிற்கிற கையும் தந்தமும் குறுக்கு நாரில் அமைந்தால் தட்டினாலே ஒடியும். அவற்றை அதே மரத்தில் தனியாகச் செய்து, மூங்கில் ஆப்பு வைத்துப் பொருத்துங்கள்.

தூள் மூக்கை அரிக்கும், அடுக்கு முகமூடி இல்லாமல் உப்புத்தாள் போடாதீர்கள். மேலே பழைய பெயின்ட் ஏதாவது இருந்தால் அதில் ஈயம் இருக்கலாம், தேய்க்காமல் இழைப்புளியால் சீவி எடுத்து அந்தச் சீவலை அப்புறப்படுத்துங்கள்.

சிரியம்_உளி:
மினுக்கத்துக்கு ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு பூசலாமா அண்ணே?

பகோ_நகவுளி:
படாக்கின் சிவப்புச் சாயம் ஸ்பிரிட்டில் கரையும். துணியால் தேய்த்துப் பூசினால் சிவப்பு இழுபட்டு வெளுப்புப் பகுதியில் கறையாகிவிடும். காய்ச்சின ஆளிவிதை எண்ணெய் ஒரு கை பூசி, கால்மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்து, ஒரு வாரம் காயவிட்டு இன்னொரு கை பூசுங்கள். எண்ணெய் துணியைச் சுருட்டிப் போட்டால் தானே தீப்பிடிக்கும், விரித்து வெளியில் காயப்போடுங்கள். வெயில் படும் சன்னலோரம் வைத்தால் செங்கல் நிறம் பழுப்பாகிவிடும், நிழலில் வைக்கச் சொல்லி அனுப்புங்கள்.