‘கோல் ஹாஆம்’ தீர்ப்பின் அளவுகோல்: ‘அண்மை நிச்சயம்’ பொருந்துமா?

வணக்கம்.

பேச்சைத் தடுக்கும் முன் ஆபத்து எவ்வளவு நிச்சயமாக இருக்க வேண்டும் என்று அளக்கும் ‘near certainty’ என்ற சட்டச் சொல்லுக்கு, ஐயா முன்வைத்த ‘அண்மை நிச்சயம்’ சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் ‘அண்மை’ என்றதும் நமக்குக் காலம்தான் நினைவுக்கு வரும். இந்தச் சொல் பிறந்த ‘கோல் ஹாஆம்’ வழக்கைப் பார்த்தால், அங்கே அளந்தது காலத்தை அல்ல.

‘கோல் ஹாஆம்’ இஸ்ரேல் கம்யூனிஸ்ட் கட்சியின் ஹீப்ரு ஏடு. பெயருக்கு ‘மக்கள் குரல்’ என்று பொருள். 1937இல், பிரிட்டிஷ் ஆட்சியின்போதே தொடங்கி, 1947இல் நாளேடானது. 1953 மார்ச்சில் ‘ஹாரெட்ஸ்’ என்ற இஸ்ரேலிய நாளேடு ஒரு செய்தி போட்டது: சோவியத் ஒன்றியத்தோடு போர் மூண்டால் அமெரிக்கா பக்கம் 2 லட்சம் வீரர்களை இஸ்ரேல் நிறுத்தும் என்று தூதர் அப்பா எபான் சொன்னாராம். நம் பிள்ளைகளின் ரத்தத்தை வைத்து வியாபாரமா என்று கட்சி ஏடு தலையங்கத்தில் கொதித்தது. உள்துறை அமைச்சர் இஸ்ரேல் ரோக்காக் அந்த ஏட்டை 10 நாளும், கட்சியின் அரபு ஏடான ‘அல் இத்திஹாத்’தை 15 நாளும் முடக்கினார்.

அவர் கையில் இருந்தது 1933ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் காலப் பத்திரிகைச் சட்டம். பொது அமைதிக்கு ஆபத்து விளைவிக்கக்கூடிய எதையாவது வெளியிட்டால் ஏட்டை நிறுத்தலாம் என்றது அது. தமிழில் சொன்னால், சண்டை முழுக்க அந்தக் ‘கூடிய’வில்தான். எழுத்து ஆபத்தின் பக்கம் லேசாகச் சாய்ந்தாலே போதுமா? வழக்கை விசாரித்த இஸ்ரேல் உச்ச நீதிமன்றத்தில், போதாது என்றார் நீதிபதி ஷிமோன் அக்ரநாட். ஆபத்து வரும் என்பது ஏறக்குறைய நிச்சயமாக இருக்க வேண்டும். எழுத்து எவ்வளவு காட்டமாக இருந்தாலும் அதற்காக மட்டும் முடக்க முடியாது. எழுதப்பட்ட அரசியலமைப்புச் சட்டம் இல்லாத நாட்டில், 1948 சுதந்திரப் பிரகடனத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு அவர் இதை நிலைநாட்டினார். இரண்டு தடைகளும் ரத்தாயின. ஆளுங்கட்சிக்கு ஆகாத ஒரு சின்னக் கட்சியின் ஏட்டுக்காக வந்த தீர்ப்பு இது என்பதுதான் எனக்கு இதில் பெரிய விஷயம்.

1965இல் கட்சி உடைந்தது, 1975இல் ஏடு நின்றது. சட்டம் படிப்பவர்கள் வாயில் மட்டும் அந்தப் பெயர் இன்னும் இருக்கிறது.

சரி, சொல்லுக்கு வருவோம். அமெரிக்க நீதிமன்றத்தின் ‘தெளிவான, உடனடி ஆபத்து’ என்பதில் காலம் உண்டு. அக்ரநாட்டின் சொல்லோ நடப்பதற்கான வாய்ப்பு எவ்வளவு என்று கேட்கிறது. ‘அண்மை’ போட்டால் இரண்டும் குழம்பிவிடும். ‘உறுதி’யும் வேண்டாம், வாக்குறுதி போலத் தொனிக்கிறது. ‘உயர் நிகழ்தகவு’ கணக்குப் பாடத்துக்குப் போய்விடும்.

என் பரிந்துரை ‘நிச்சயமொட்டிய வாய்ப்பு’. நிச்சயத்தை ஒட்டி நிற்கிறது, ஆனால் நிச்சயமே அல்ல. வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: “அமைதி குலைவதற்கு நிச்சயமொட்டிய வாய்ப்பு இருப்பதாக அரசு காட்டவில்லை; ஆகவே தடை செல்லாது.” படிக்கும்போது தடுக்கவில்லை. லேசான சாய்வே போதும் என்ற, நீதிமன்றம் தள்ளிய எதிர் அளவுகோலுக்குக் ‘கெடுபோக்கு’ என்று வைக்கலாம்.

இதைவிடச் சுருக்கமாக யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள். ஆனால் ‘அண்மை’யை மட்டும் தயவுசெய்து தவிர்த்துவிடுவோம்.