ஈகிள்ஸ்: ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ ஒன்றே போதுமா?

புதுக்காது:
பழைய இசைத்தட்டுக் கடையில் ஈகிள்ஸ் என்ற அமெரிக்க ராக் குழுவின் ‘தேர் கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் 1971–1975’ கிடைத்தது. மொத்தம் 10 பாட்டு. இதுவே போதுமா, தனி ஆல்பங்களையும் தேட வேண்டுமா?

தட்டுப்பித்தன்:
தேடுங்கள். இந்தத் தொகுப்பு வந்தது 1976 பிப்ரவரியில். ‘ஹோட்டல் கலிபோர்னியா’ அதே ஆண்டு டிசம்பரில்தான் வந்தது. ஆக, ஊருக்கே தெரிந்த பாட்டு இதில் இல்லை! அதுகூடப் பரவாயில்லை. 1973இல் வந்த ‘டெஸ்பராடோ’ ஆல்பம் முழுக்க அந்தக்கால மேற்கு அமெரிக்கக் கொள்ளைக்காரர்களைச் சுற்றியே போகும். அதிலிருந்து இரண்டே பாட்டை உருவி வைத்திருக்கிறார்கள். தொடர்கதையில் ஏதோ இரண்டு வாரத்தை மட்டும் கிழித்துக் கையில் கொடுத்த மாதிரி.

கேசட் மாமா:
தம்பி, அந்த இரண்டில் ஒன்றான ‘டெஸ்பராடோ’ பாட்டை ஈகிள்ஸ் சிங்கிளாக, அதாவது தனிப்பாட்டுத் தட்டாக, வெளியிடவே இல்லை. அதை இத்தனை பேரிடம் கொண்டுபோய்ச் சேர்த்ததில் நீ திட்டுகிற தொகுப்புக்குப் பெரிய பங்கு உண்டு. அமெரிக்காவில் பத்து லட்சம் விற்பனைக்குத் தரும் பிளாட்டினம் சான்றிதழை வாங்கிய முதல் ஆல்பமும் இதுதான். 2018இல் 38 மடங்கு பிளாட்டினம் ஆகி, மைக்கேல் ஜாக்சனின் ‘திரில்லர்’ ஆல்பத்தையே முந்தியது.

தட்டுப்பித்தன்:
அந்தக் கணக்கில் ஸ்ட்ரீமிங்கும் சேர்த்தி மாமா. 2016 முதல் 1,500 ஸ்ட்ரீம் இருந்தால் ஒரு ஆல்பம் விற்றதாக எழுதிக்கொள்கிறார்கள். அப்புறம், கூட்டத்தைக் காட்டி ருசியை நிரூபிக்க முடியுமா?

கேசட் மாமா:
சரி, கணக்கை விடு. தொகுப்பு என்றால் பழையதை அடுக்கி உறை போடுவது என்று நினைக்கிறாய். கார்பென்டர்ஸ் என்ற அண்ணன்-தங்கை ஜோடியின் ‘தி சிங்கிள்ஸ் 1969–1973’ கேட்டுப் பார். அண்ணன் ரிச்சர்ட் உட்கார்ந்து, குரலும் கருவிகளும் ஒலிக்கும் அளவை மாற்றி மறுபடி மிக்ஸ் செய்து, சில பாட்டுகளை இடைவெளி இல்லாமல் ஒன்றோடொன்று கோத்திருப்பார். ‘டிக்கெட் டு ரைடு’ பாட்டைத் தங்கை கேரன் புதிதாகவே பாடினார். ‘அமெரிக்கா’ குழுவின் 1975 ‘ஹிஸ்டரி’ தொகுப்புக்காக, தான் தயாரிக்காத பழைய பாட்டுகளையும் ஜார்ஜ் மார்ட்டின் மறுபடி மிக்ஸ் செய்தார். பீட்டில்ஸ் தயாரிப்பாளர் கைபட்டதும் ‘எ ஹார்ஸ் வித் நோ நேம்’ பாட்டின் பேஸ் கிட்டார் எப்படித் தூக்கலாக எழுந்து வருகிறது!

தட்டுப்பித்தன்:
அங்கேதான் எனக்கு எரிகிறது. ‘சிங்கிள்ஸ்’ என்று பெயர் வைத்துவிட்டு, சிங்கிளாக வந்த பதிவைத் தராமல் வேறொன்றைத் தருவது என்ன நியாயம்? ‘டிக்கெட் டு ரைடு’ முதலில் வந்த 1969இல் கேரனுக்கு வயது 19. அந்தப் பிஞ்சுக் குரலைக் கேட்க நினைப்பவர் எங்கே போவார்?

கேசட் மாமா:
இந்த அடி விழுந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் 1973 குரலின் கனம் அந்த 19 வயதில் கிடையாது. என் ஓட்டு அதற்குத்தான்.

புதுக்காது:
‘டெஸ்பராடோ’ முழு ஆல்பத்தையே வாங்கிவிடுகிறேன். பிரெட் குழுவுக்கு எதிலிருந்து தொடங்குவது?

தட்டுப்பித்தன்:
1973இல் வந்த ‘தி பெஸ்ட் ஆஃப் பிரெட்’ தொகுப்பே போதும். மாமா, சிரிக்காதீர்கள்.