பாட்டுச் சத்தம் குறையும்போது மட்டும் எல்ஈடி குழல் மினுக்குது, உதவி வேணும்

கேள்வி:
1 மீட்டர் பால்வெள்ளைக் குழல் ரெண்டு, செங்குத்தா நிக்குது. ஒவ்வொண்ணுலயும் டபிள்யூஎஸ்2812பி பட்டை, 60 எல்ஈடி. முதல் குழலோட உச்சியிலிருந்து ரெண்டாவதோட உச்சிக்கு வயர். பாட்டுக்கு ஏத்தபடி விளக்கு ஆடணும்: கட்டுப்படுத்த ஈஎஸ்பி32 போர்டு, சத்தம் கேட்க ஐஎன்எம்பி441 மைக், போர்டுல ஓடுறது டபிள்யூஎல்ஈடி மென்பொருள். 5 வோல்ட் 3 ஆம்பியர் அடாப்டர். டேட்டா போர்டோட ஜிபிஐஓ 16 காலிலிருந்து நேரா பட்டைக்கு.
சத்தம் குறைஞ்சா கண்டபடி நிறம் மினுக்குது, சத்தம் கூடினா சரியாயிடுது. முழு வெள்ளை போட்டா ரெண்டாவது குழலோட கடைசி சிவக்குது. பாட்டே இல்லாதப்பவும் விளக்கு ஆடுது.

பதில் 1:
முதல் ரெண்டும் வேற வேற கோளாறு. பட்டைக்கு டேட்டா சிக்னல் சப்ளையில 0.7 மடங்கு வேணும், அதாவது 5 வோல்ட்டுக்கு 3.5. ஈஎஸ்பி32 தர்றது 3.3 தான். சத்தம் கூடி வெளிச்சம் ஏறினா சப்ளை வோல்ட்டேஜ் சரிஞ்சு, தேவையும் குறையுது. அதான் அப்போ ஒழுங்கா ஓடுது. 3.3 வோல்ட் சிக்னலை 5 வோல்ட்டா ஏத்துற லெவல் ஷிஃப்டர் சிப் போடுங்க: 74ஏஎச்சிடி125. கால் 14க்கு 5 வோல்ட், 7ம் 1ம் கிரவுண்டுக்கு, 2ல ஜிபிஐஓ 16, 3ல இருந்து 330 ஓம் வழியா பட்டையோட டேட்டா உள்ளீடு (டிஐஎன்).
கடைசி சிவக்கிறது வோல்ட்டேஜ் இறக்கம், நீலம்தான் முதல்ல மங்கும். ரெண்டு குழலுக்கும் 5 வோல்ட்டும் கிரவுண்டும் தனித்தனியா சப்ளையிலிருந்தே இழுங்க. 120 எல்ஈடி, ஒண்ணுக்கு 60 மில்லிஆம்பியர்னா 7.2 ஆம்பியர். 10 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் வாங்குங்க. அதுவரைக்கும் டபிள்யூஎல்ஈடியில மின்னோட்ட வரம்பை 2500 மில்லிஆம்பியர்னு வைங்க.

கேள்வி கேட்டவர்:
கடையில 74எச்சி125 தான் இருக்கு. இல்லன்னா நாலு சேனல் மாஸ்ஃபெட் ஷிஃப்டர் போர்டு. ஓடுமா ப்ரோ?

பதில் 1:
ரெண்டும் வேண்டாம். எச்சி வகைக்கும் 5 வோல்ட்டில ஓட்டினா 3.5 வோல்ட் உள்ளீடு வேணும், நோக்கமே அடிபடுது. அந்த போர்டு 800 கிலோஹெர்ட்ஸ் சிக்னலுக்கு மெதுவு. பேர்ல 'டி' இருக்கணும், 74எச்சிடி245ம் ஓடும்.

பதில் 2:
மைக்கோட எல்/ஆர் காலை கிரவுண்டுல சேர்த்திருக்கீங்களா? அந்தரத்துல விட்டா எந்தச் சேனல்னு நிலைக்காது. மைக்கோட சப்ளை காலான விடிடிக்கு 3.3 வோல்ட் மட்டும். மைக் வயரை டேட்டா வயர்கிட்ட இருந்து தள்ளி வைங்க, ஃபேன் காத்து நேரா படக்கூடாது. அப்புறம் பாட்டை நிறுத்திட்டு, விளக்கு அடங்குற வரை டபிள்யூஎல்ஈடியில ஸ்க்வெல்ச்சை (சின்னச் சத்தத்தை ஒதுக்குற அளவு) கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க. அளவுக்கு மேல ஏத்தினா மெல்லிய பாட்டும் அமுங்கிடும். எஃபெக்ட் பேர் பக்கத்துல ஒத்தை இசைக்குறி இருந்தா சத்த அளவுக்கு ஆடும், இரட்டைக்குறின்னா அதிர்வெண்ணுக்கு.

கேள்வி கேட்டவர்:
ஏஎச்சிடி போட்டாச்சு, மினுக்கல் போச்சு. எல்/ஆர் அந்தரத்துலதான் இருந்துச்சு. இப்போ முதல் குழல் கீழிருந்து ஏறுது, ரெண்டாவது மேலிருந்து இறங்குது. ரெண்டும் சேர்ந்து ஏறணும்.

பதில் 2:
டபிள்யூஎல்ஈடியில செக்மெண்டை (எல்ஈடி வரிசையோட பகுதி) ரெண்டாப் பிரிங்க: 0 முதல் 60, 60 முதல் 120. ரெண்டாவதுல மட்டும் 'தலைகீழ் திசை' டிக் பண்ணுங்க. வயரைக் கழட்ட வேண்டியதில்ல.